நெடுந்தொடர் நாவலில் மந்தகதி: அதீத கற்பனைக் காவியங்களும் அவற்றின் வாசகரும் - ஒரு நோக்கு

ஒரு தொடரைக் குறைகூறிக்கொண்டே அதன் அடுத்த பாகத்துக்காகக் காத்திருக்கும் வாசகர் இலக்கிய வரலாற்றுக்குப் புதியவர் அல்லர். ஆயினும், அக்குறைகூறலும் அக்காத்திருப்பும் ஒருவரிடத்தே ஒரே காரணம் பற்றி ஆண்டுக்கணக்கில் நிலைத்திருப்பதை, ஆங்கிலத்தில் அரை நூற்றாண்டுக்கு மேலாக எழுந்துவரும் அதீத கற்பனை நெடுந்தொடர் நாவல்களின் வாசகரிடையே மிகத் தெளிவாகக் காணலாம். கதை நகரவேயில்லை என்று சலித்துக்கொள்பவரே அவ்வுலகை விட்டு வெளியேற மனமில்லை என்றும் கூறுகின்றார். இவ்விரு கூற்றுகளும் தம்முள் முரணுவன போலத் தோன்றுகின்றன. இவற்றுள் ஒன்றை மெய்யெனக் கொண்டு மற்றையதைத் தள்ளிவிடுதல் எளிது. அவ்வாறு தள்ளாது, இரண்டும் ஒருங்கே உண்மையாதல் எவ்வாறு கூடும் என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வகை நாவல்களுக்கு முன்மாதிரியாய் அமைந்தது, ஒக்ஸ்போட் பல்கலைக்கழகப் பேராசிரியராய் விளங்கிய ஜே. ஆர். ஆர். ரொல்கீன் எழுதி 1954, 1955 ஆம் ஆண்டுகளில் மூன்று பாகங்களாக வெளிவந்த ‘லோட் ஒவ் த றிங்ஸ்’ என்பது பலரும் அறிந்ததே. அதன் வழிவந்தனவற்றுள் அமெரிக்கரான றொபேட் ஜோர்டன் தொடங்கிய ‘காலச் சக்கரம்’, ஜோர்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் ‘பனியும் நெருப்பும்’ பற்றிய தொடர், றொபின் ஹொப் எழுதிய பிற்ஸ் என்பானின் வரலாறு ஆகியன பெரிதும் வாசிக்கப்படுவன. இவை உருவிற் பெருத்தவை. 1990 தொடக்கம் 2013 வரை பதினான்கு பாகங்களாக வெளிவந்த ‘காலச் சக்கரம்’ ஏறத்தாழ 44 இலட்சம் சொற்களைக் கொண்டது. இத்தகைய நூலை வாசித்தல் ஓரிரவுப் பொழுதுபோக்கன்று. தம் வாழ்நாளிற் கணிசமான ஒரு பகுதியை வாசகர் அதற்கென ஒதுக்குகின்றார். ஆகவே கதியின் மந்தம் பற்றி அவர் செய்யும் முறைப்பாடு வெறும் சுவைபேதமாகாது. தாம் ஒதுக்கிய காலத்துக்கு ஆசிரியர் என்ன கைம்மாறு செய்கின்றார் என்ற வினாவே அதனுள் அடங்கியுள்ளது.

முதலில், மந்தகதி எனப்படுவது யாது என வரையறுத்துக்கொள்ளல் வேண்டும். பிரெஞ்சுத் திறனாய்வாளர் ஜெரார் ஜெனெற் 1972 இல் வெளியிட்ட ஆய்வில், கதையின் கதியை ஒரு விகிதமாக விளக்கினார். கதைக்குள் கழியும் காலம் ஒருபுறம், அதனை எடுத்துரைக்கச் செலவாகும் பக்கங்கள் மறுபுறம். இவற்றிடையேயுள்ள உறவைக் கொண்டு, விடுபாடு, சுருக்கம், காட்சி, தரிப்பு என நால்வகைக் கதிகளை அவர் வகுத்தார். இவ்வளவுகோலை ரொல்கீனின் நூலிற் பிரயோகித்துப் பார்ப்பின் ஓர் உண்மை புலனாகும. பில்போவின் பிறந்தநாள் விருந்துக்கும் புரோடோ ஊரை விட்டுப் புறப்படுவதற்கும் இடையிற் பதினேழு ஆண்டுகள் கழிகின்றன. அவற்றின் பெரும்பகுதி சில பக்கங்களிற் கடந்துபோகின்றது. ஆனால் எல்றொண்டின் மாளிகையில் ஒருநாள் நடைபெறும் ஆலோசனைச் சபையோ நூலின் மிக நீண்ட அத்தியாயங்களுள் ஒன்றாக விரிகின்றது. ஜெனெற்றின் கணக்குப்படி முன்னையது விரைவு, பின்னையது மந்தம். எனினும் வாசகர் மனத்தில் விளைவு இதற்கு மாறானது. சபை கலையும்போது மோதிரத்தின் பொருளும் அதனைச் சுமப்பவனின் நிலையும் முற்றாக மாறிவிடுகின்றன. பதினேழு ஆண்டுகளில் நிகழாத மாற்றம் ஒரு நாளில் நிகழ்ந்து முடிகின்றது. ஆகவே பக்கத்துக்கு எத்தனை சம்பவங்கள் என எண்ணிக் கதியை மதிப்பிடல் பொருந்தாது என்பது தெளிவு. ரொல்கீன் தம் நூலின் இரண்டாம் பதிப்பு முன்னுரையில், பிறர் கண்ட குறைகளுள் நூல் மிகச் சிறியது என்பதைத் தாமும் ஏற்பதாகக் கூறியமை இவ்விடத்து நினைவுகூரத்தக்கது.

இந்நாவல்களைக் காவியம் என வழங்குதல் மரபாகிவிட்டது. மந்தகதிக்கு ஆதரவாக வாதிடுவோரும் காவிய மரபையே துணைக்கழைப்பர். இவ்வாதம் ஆராயத்தக்கது. எரிக் அவர்பாக், 1946 இல் வெளிவந்த தமது ‘மிமேசிஸ்’ என்னும் நூலின் முதல் அத்தியாயத்தில், ஹோமரின் ‘ஒடிசி’யிலிருந்து ஒரு நிகழ்ச்சியை எடுத்து விளக்குவார். மாறுவேடத்தில் வீடு திரும்பிய ஒடிசியசின் கால்களைக் கழுவும் முதிய செவிலி, தொடையிலுள்ள தழும்பைக் கொண்டு அவனை இனங்காண்கின்றாள். அந்த நெருக்கடியான கணத்தில் ஹோமர் கதையை நிறுத்தி, அத்தழும்பு வந்த வரலாற்றை எழுபதுக்கும் மேற்பட்ட அடிகளில் ஆறுதலாகக் கூறுகின்றார். இத்தகைய தாமதப்படுத்தும் பண்பு பற்றிக் கேதேயும் ஷில்லரும் 1797 இற் கடிதவழி கருத்துப் பரிமாறிக்கொண்டதையும் அவர்பாக் எடுத்துக்காட்டுகின்றார். எனவே விலகிச் சென்று விரித்துரைத்தல் காவியத்துக்கு இயல்பானதே.

ஆயின் இவ்வொப்புமை ஓர் எல்லைக்கு மேற் செல்லாது. ஹோமரின் பாடலைக் கேட்டிருந்தோர் ஒடிசியஸ் வீடு சேர்வான் என்பதை முன்னரே அறிந்தவர்கள். முடிவு அவர்கள் கையில் இருந்தது. பாடகன் எவ்வளவு தூரம் விலகிச் சென்றாலும் அவர்கள் இழப்பது எதுவுமில்லை. நெடுந்தொடர் நாவலின் வாசகர் நிலை அத்தகையதன்று. முடிவு யாது என அவர் அறியார். பல வேளைகளில் முடிவு எழுதப்படுமா என்பதையும் அறியார். காவியத்தின் விரிவை மேற்கொண்ட இந்நாவல்கள், காவியக் கேட்போருக்கு இருந்த நிச்சயத்தைத் தம் வாசகருக்கு அளிக்க முடியாதவை. வாசகரின் இருமனப்பாட்டுக்கு அடிப்படை இங்கேயே உள்ளது. விரிவை அவர் விரும்புகின்றார், நிச்சயமின்மையை வெறுக்கின்றார். இவ்விரண்டும் ஒரே பக்கத்தில் அவரை வந்தடைகின்றன.

கூறியது கூறலும் இத்தகையதே. வாய்மொழிக் காவியத்தில் அடைமொழிகளும் வாய்பாட்டுத் தொடர்களும் மீண்டும் மீண்டும் வருதல் பாடகனின் ஆக்கமுறையோடு தொடர்புடையது என மில்மன் பரியும் அல்பேட் லோட்டும் நிறுவினர். 1968 இல் வெளிவந்த தமது வீரயுகப் பாடல்கள் பற்றிய ஆங்கில ஆய்வில் பேராசிரியர் க. கைலாசபதி இந்நோக்கைச் சங்கப் பாடல்களுக்குப் பிரயோகித்தமையை எமது மாணவர் அறிவர். ஜோர்டனின் நாவல்களில் நைனீவ் என்பாள் சினங்கொள்ளும் போதெல்லாம் தன் பின்னலைப் பற்றி இழுப்பாள். பெண்கள் பாவாடை மடிப்பைத் தடவிச் சீர்செய்வர். ஒவ்வொருவர் உடையின் நிறமும் வேலைப்பாடும் விவரிக்கப்படும். ஈராண்டு இடைவெளிக்குப் பின் புதிய பாகத்தைக் கையிலெடுத்தவருக்கு இவை பழகிய முகங்களை நினைவூட்டும் அடையாளங்களாகப் பயன்பட்டன. பதினான்கு பாகங்களையும் அடுத்தடுத்து வாசிப்பவருக்கோ அவையே சலிப்பூட்டுவனவாகின்றன. எழுத்து மாறவில்லை, வாசிக்கும் சூழல் மாறியுள்ளது. கதி என்பது நூலினுள் மட்டும் உறைவதன்று, நூலுக்கும் வாசகரின் காலத்துக்கும் இடையிலான ஓர் உறவு என்பதற்கு இது தக்க சான்றாகும்.

இனி ஜோர்டனின் தொடரைச் சற்று அணுகி நோக்குவோம். ஜேம்ஸ் ஒலிவர் றிக்னி என்னும் இயற்பெயர் கொண்ட அவர் 1948 இல் தென் கரோலினா மாநிலத்துச் சாள்ஸ்ரன் நகரிற் பிறந்தவர். தொடரின் முதலிரு பாகங்களும் 1990 ஆம் ஆண்டிலேயே வெளிவந்தன. மூன்றாவது 1991 இலும், நான்காவது 1992 இலும், ஐந்தாவது 1993 இலும், ஆறாவது 1994 இலும் வந்தன. பின்னர் இடைவெளி ஈராண்டாக நீண்டது. கதாபாத்திரங்கள் பெருகப் பெருக, ஒவ்வொருவரையும் ஒவ்வொரு பாகத்திலும் தொடர்தல் இயலாததாயிற்று. ஐந்தாம் பாகத்தில் முதன்மைப் பாத்திரங்களுள் ஒருவனான பெரின் தோன்றுவதேயில்லை. ஏழாம் பாக இறுதியில் இடிந்து விழும் சுவரின்கீழ் அகப்பட்ட மற் என்பானின் கதி என்னவாயிற்று என்பதை, எட்டாம் பாகம் (1998) முழுவதையும் வாசித்த பின்னரும் வாசகர் அறிய முடியவில்லை. வியப்பு யாதெனில், அந்த எட்டாம் பாகமே நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகையின் விற்பனைப் பட்டியலில் முதலிடத்தைப் பெற்றது என்பதாகும். முறைப்பாடும் விற்பனையும் ஒருங்கே ஏறிச்சென்றன.

2003 இல் வெளிவந்த பத்தாம் பாகம் மந்தகதிக்கு எடுத்துக்காட்டாக இன்றளவும் பேசப்படுகின்றது. அந்தி மயங்கும் வேளையின் நாற்சந்தி எனப் பொருள்படும் தலைப்பைக் கொண்டது அது. அதற்கு முந்திய ஒன்பதாம் பாகம் (2000), ஆண்களுக்குரிய மாய ஆற்றலின்மீது ஊழிகாலமாகப் படிந்திருந்த மாசை நாயகனான ரண்ட் நீக்குவதோடு முடிவடைந்தது. தொடரின் மாபெரும் நிகழ்ச்சிகளுள் ஒன்று அது. அதன் விளைவு என்ன என அறியும் ஆவலோடு ஈராண்டுக்கு மேல் வாசகர் காத்திருந்தனர். பத்தாம் பாகமோ காலத்திற் பின்னோக்கிச் சென்று, அந்நிகழ்ச்சி நடைபெற்ற வேளையிற் பிற பாத்திரங்கள் எங்கெங்கு இருந்தனர், தொலைவில் எழுந்த ஆற்றற் பேரொளியை எவ்வாறு உணர்ந்தனர் என்பதை ஒவ்வோர் இடமாகச் சென்று கூறுகின்றது. ரண்ட் மிகச் சில பக்கங்களிலேயே தோன்றுகின்றான். இலேன் அரசுரிமைக்காகப் பேச்சு நடத்துகின்றாள். எக்வேனின் படை முற்றுகையிட்டு நிற்கின்றது. கவர்ந்து செல்லப்பட்ட மனைவியைப் பெரின் தேடிக்கொண்டிருக்கின்றான். நூல் முடிகையிலும் இவற்றுட் பெரும்பாலானவை தீர்வின்றியே நிற்கின்றன. பெரினின் மனைவி எட்டாம் பாகத்திற் கவர்ந்து செல்லப்பட்டவள்; 2005 இல் வந்த பதினோராம் பாகத்திலேயே மீட்கப்படுகின்றாள். கதைக்குள் ஓராண்டுதானும் கழியவில்லை. வாசகருக்கு ஏழாண்டுகள் கழிந்துவிட்டன.

ஒரு நிகழ்ச்சியைப் பல கோணங்களிற் காட்டுதல் தன்னளவிற் குற்றமன்று. அக்கோணங்கள் அந்நிகழ்ச்சி பற்றிய எமது அறிவை மாற்றுதல் வேண்டும். பத்தாம் பாகத்தில், ஒளியைக் கண்ட ஒவ்வொருவரும் அது யாதென அறியாது திகைக்கின்றனர். வாசகர் அதனை முன்னரே அறிவார். அறியாதவரின் திகைப்பை மூன்றாம், நான்காம் முறை காணும்போது, வாசகரின் அறிவு முன்னேறாது நின்றுவிடுகின்றது. குறைபாடு சம்பவங்களின் குறைவில் இல்லை. ஏற்கெனவே அறிந்தவற்றின் மதிப்பு மாறாது நிற்பதிலேயே உள்ளது.

எனினும் அதே பாகத்திலேயே மந்தகதியின் பேறுக்கும் ஒரு சான்று உண்டு. மனைவி இருக்குமிடத்தை அறியும் பொருட்டுப் பெரின் தன்னிடம் சிறைப்பட்ட பகைவனொருவனின் கையைக் கோடரியால் வெட்டுகின்றான். பின்னர் அக்கோடரியை எறிந்துவிட்டுச் செல்கின்றான். இந்நிகழ்ச்சியின் வித்து 1990 இல் வெளிவந்த முதற் பாகத்திலேயே இடப்பட்டது. கோடரியை வெறுக்கும் வரை அதனை வைத்திரு, அவ்வெறுப்பு நீங்கும் நாளில் அதனை எறிந்துவிடு என்ற கருத்தில் ஒருவன் அவனுக்கு அறிவுரை கூறியிருந்தான். இடைப்பட்ட பாகங்களிற் பெரின் கோடரியையும் கொல்லனின் சம்மட்டியையும் மாறிமாறி எண்ணித் தயங்குவதை, ஒரு கட்டத்திற் சலிப்போடும், வாசகர் கண்டிருந்தனர். அச்சலிப்பின்றி இக்காட்சிக்கு அத்துணைக் கனம் வாய்த்திராது. முந்நூறு பக்க நாவல் ஒன்றில் இதனைச் செய்ய முடியாது. பதின்மூன்று ஆண்டுத் தயக்கம் உண்மையிற் பதின்மூன்று ஆண்டுகளாக உணரப்பட்டமையாலேயே அது முடிவுறும் கணம் வாசகரை அதிர்விக்கின்றது. மந்தகதியைப் பழிப்பவரும் போற்றுபவரும் ஒரே நூலிலிருந்து தத்தம் சான்றுகளை எடுக்க முடிவது இதனாலேயே.

இவ்விரிவுக்கு வணிகக் காரணங்களும் உண்டு என்பதை மறுத்தற்கில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் நாவல்கள் மூன்று பாகங்களாக நீண்டமைக்கு, மூடி போன்ற வாடகை நூலகங்களின் தேவையே பெருங்காரணமாயிற்று. ஒரு நாவல் மூன்று பாகமாயின், ஒரே வேளையில் அதனை மூவருக்கு இரவல் வழங்கலாம். 1894 இல் அந்நூலகங்கள் தம் கொள்முதல் முறையை மாற்றியதும் அவ்வடிவம் விரைவில் மறைந்தது. எமது காலத்தில், வெற்றிபெற்ற தொடரின் ஒவ்வொரு புதிய பாகமும் முந்திய பாகங்களையும் விற்பனை செய்து தருகின்றது. ஆகவே முடிப்பதிலும் நீட்டுவதே பதிப்பகத்துக்கு இலாபம். ஆயின் இவ்விளக்கம் நூல் ஏன் நீண்டு வெளிவருகின்றது என்பதைக் காட்டுமேயன்றி, வாசகர் ஏன் அதனைக் கைவிடாதிருக்கின்றார் என்பதைக் காட்டாது. சந்தை நீட்டிய பக்கங்களிலும் கலை நிகழ்வதுண்டு. மேற்கூறிய கோடரி அதற்குச் சான்று.

மந்தகதி ஒரு நூலின் உயிர்நிலையாகவே அமையக்கூடும் என்பதற்கு றொபின் ஹொப்பின் படைப்பு தக்க உதாரணம். 2001 இல் வெளிவந்த, பிற்சின் வரலாற்றின் இரண்டாம் முந்நூலினது முதற் பாகம், பதினைந்து ஆண்டுகளாக அரண்மனைச் சூழ்ச்சிகளிலிருந்து விலகி, சிறு குடிசையொன்றில் வாழும் பிற்சைக் காட்டித் தொடங்குகின்றது. தோட்ட வேலை, வளர்ப்பு மகனின் எதிர்காலம் பற்றிய கவலை, பழைய நண்பனின் வருகை, முதுமையுற்ற ஓநாயின் துணை என நூலின் கணிசமான பகுதி ஆரவாரமின்றிச் செல்கின்றது. வீரதீரச் செயல்களை எதிர்பார்த்தவர் பொறுமையிழத்தல் இயல்பே. ஆனால் அப்பக்கங்களில் ஒன்றும் நிகழவில்லை எனல் தவறு. அந்த ஓநாய் அவனோடு உள்ளத்தாற் பிணைக்கப்பட்டது. அது உண்பதும், உறங்குவதும், நோவதும், அவனை எள்ளுவதும் அன்றாட நிகழ்ச்சிகளாக எமக்குப் பழக்கமாகின்றன. நூலின் பிற்பகுதியில் அது இறக்கும்போது வாசகர் இழப்பது ஒரு கதாபாத்திரத்தை மட்டுமன்று; அப்பழக்கத்தையே அவர் இழக்கின்றார். பழக்கத்தைச் சுருக்கமாகக் கூறி உணர்த்த முடியாது. அது நாட்கள் கழிவதாலேயே உண்டாவது. இங்கு மந்தகதி பின்னர் வரும் துயரின் அடித்தளமாகப் பணியாற்றுகின்றது.

இதன் மறுதலையையும் நோக்குதல் தகும். மார்ட்டினின் தொடரில் மூன்றாம் பாகம் 2000 இல் வெளிவந்தது. நான்காம் பாகம் 2005 இல் வந்தபோது, கதை இடவாரியாகப் பிரிக்கப்பட்டு, வாசகர் பெரிதும் விரும்பிய ஜோன், டெனேரிஸ், டிரியன் ஆகியோருக்குரிய அத்தியாயங்கள் அதில் இடம்பெறவில்லை. அவர்களைக் காண 2011 இல் ஐந்தாம் பாகம் வரும்வரை காத்திருக்க நேர்ந்தது. மந்தகதி பற்றிய முறைப்பாடு இங்கும் ஓங்கி ஒலித்தது. ஆனால் அந்நாவல்களைத் தழுவி 2011 முதல் 2019 வரை ஒளிபரப்பான தொலைக்காட்சித் தொடர் மூலநூலை முந்திச் சென்று, ஆறே பகுதிகள் கொண்ட இறுதிப் பருவத்திற் கதையை விரைந்து முடித்தபோது, பாத்திரங்களின் மனமாற்றத்துக்குப் போதிய அவகாசம் அளிக்கப்படவில்லை எனப் பரவலாகக் கண்டனம் எழுந்தது. தாமதத்தைக் கண்டித்தவர்களும் அவசரத்தைக் கண்டித்தவர்களும் பெரும்பாலும் வேறுவேறானவர் அல்லர். இதனை வாசகரின் சபலபுத்தி எனக் கொள்ளுதல் நியாயமன்று. முடிவு வேண்டும், அம்முடிவு சம்பாதிக்கப்பட்டதாகவும் இருத்தல் வேண்டும் என்பதே அவர்தம் கோரிக்கை. தாமதம் முன்னையதை மறுத்தது. அவசரம் பின்னையதை மறுத்தது.

ஜோர்டன் தம் தொடரை முடிக்காமலே 2007 செப்டெம்பரில் இதயத்தைத் தாக்கிய அரிய நோயொன்றாற் காலமானார். அவர் விட்டுச்சென்ற குறிப்புகளையும் எழுதிய பகுதிகளையும் கொண்டு தொடரை நிறைவுசெய்யும் பொறுப்பை, அவர்தம் மனைவியும் பதிப்பாசிரியருமான ஹரியற் மக்டூகல், பிரண்டன் சன்டர்சன் என்னும் இளம் எழுத்தாளரிடம் ஒப்படைத்தார். ஒரே பாகமாக அமையும் என ஜோர்டன் கூறிவந்த இறுதிப்பகுதி, 2009, 2010, 2013 ஆம் ஆண்டுகளில் மூன்று பாகங்களாக விரிந்தது. கதையின் வேகம் கூடியது. இறுதிப் போர் பற்றிய அத்தியாயம் மட்டும் ஏறத்தாழ இருநூறு பக்கங்களை நிரப்பியது. வேகத்தை வரவேற்ற வாசகருட் சிலர், பழைய ஆசிரியரின் ஆறுதலான நடையை நினைந்து ஏங்கினர். முன்னர் அவர்கள் குறைகூறிய பண்பே அதுவாகும். அப்பண்பு ஒருவரின் கைவண்ணம் என்பது அக்கை ஓய்ந்த பின்னரே அவர்களுக்குப் புலனாகியது.

இன்று தொடர் முழுமையாகக் கிடைக்கின்றது. பத்தாம் பாகத்தை முடித்தவர் அன்றே பதினோராம் பாகத்தைத் தொடங்கலாம். ஆகவே மந்தகதி பற்றிய கண்டனம் காலாவதியாகிவிட்டது எனச் சிலர் வாதிடுவர். இவ்வாதத்தில் ஒரு பாதி உண்மை உண்டு. காத்திருப்பினால் விளைந்த எரிச்சல் நூலின் குற்றமாகாது; அதனை நூலின்மேற் சுமத்திய அக்கால மதிப்புரைகளை மீளாய்வு செய்தல் வேண்டும். ஆனால் மறுபாதியை ஏற்பதற்கில்லை. நிச்சயமின்மை நீங்கிய பின்னரும், பத்தாம் பாகத்தின் பல அத்தியாயங்கள் எம் அறிவை அசையாமலே வைத்திருக்கின்றன. ஹொப்பின் குடிசைப் பக்கங்களோ, முடிவை அறிந்து மீள வாசிக்கையில் முன்னிலும் கனதி பெறுகின்றன. ஓநாயின் ஒவ்வொரு மூச்சும் அப்போது எண்ணப்பட்டதாகின்றது. எனவே மீள்வாசிப்பே இவ்வகையில் நம்பத்தக்க உரைகல் எனலாம். முடிவை அறிந்த வாசகர், ஹோமரின் பாடலைக் கேட்டிருந்தோரின் நிலையை எய்துகின்றார். அந்நிலையில் வளம் பெறும் மந்தம் கலைக்குரியது. அந்நிலையிலும் வெறுமையாய் நிற்பது நீட்சியே.

இதனால் திறனாய்வாளருக்கு ஒரு கடப்பாடு எழுகின்றது. தொடர் முடிவுறாத காலத்து வாசகரின் சலிப்பை, பொறுமையற்றோரின் கூக்குரல் என ஒதுக்குதல் ஆகாது. அது அவர் செலுத்திய காலம் பற்றிய நேர்மையான கணக்கு. அவ்வாறே, அச்சலிப்பை மட்டும் கொண்டு நூலுக்குத் தீர்ப்பு வழங்குதலும் ஆகாது. எப்பக்கங்கள் காலத்தைப் பொருளாக மாற்றின, எப்பக்கங்கள் அதனை வாங்கி வைத்துக்கொண்டன என்பதை அத்தியாயம் அத்தியாயமாகப் பிரித்துக் காட்டும் பணி, பதினான்கு பாகத் தொடரொன்றில் எளிதானதன்று. இத்தொடர்கள் பொழுதுபோக்கு நூல்கள் என்ற எண்ணத்தாற் பல்கலைக்கழகத் திறனாய்வு அப்பணியை நெடுங்காலம் பெரும்பாலும் வாசகரிடமே விட்டுவைத்தது. ஆண்டுக்கணக்கில் முறையிட்டும் விடாது வாசித்தும் அவர்கள் நிகழ்த்தி வந்த விவாதத்தை நாமும் கவனத்துடன் தொடர்தல் தகும்.